மான் வேட்டையில் காற்றும் வாடையும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மான் வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றி, இல்லையென்றால் வில்லைப் பற்றி. என்ன தோட்டா, எவ்வளவு தூரம் போகும், எந்தத் தொலைநோக்கி மாட்டலாம் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நானும் முதல் இரண்டு வருடம் கேட்கவில்லை. மான் தடம் இருக்கிறது, புழுக்கை புதிதாக இருக்கிறது, மரப்பட்டையில் கொம்பு உரசிய அடையாளம்கூட இருக்கிறது, ஆனால் நான் பரணில் உட்கார்ந்தால் மட்டும் எதுவும் வராது. இடம் சரியில்லை என்று நினைத்து இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். இடம் நல்ல இடம்தான், நான் உட்கார்ந்த பக்கம்தான் தப்பு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், உரிமம் எடுத்து, வேட்டைப் பருவத்துக்குள் போகிறவர்களுக்காக எழுதியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இருப்பவர்கள் கேமராவோடு மானைப் பார்க்கப் போகும்போது இதே விஷயங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம், காற்று இருவருக்கும் ஒன்றுதான். நான் மனதில் வைத்துப் பேசுவது பெரும்பாலும் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை, ஆனால் காற்றைப் பற்றிச் சொல்வது எந்த மானுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த மூக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மானுக்குக் கண், காது, மூக்கு மூன்றுமே கூர்மை. ஆனால் மூன்றையும் அது ஒரே மாதிரி நம்புவதில்லை. நீங்கள் அசையாமல் இருக்கும்போது உங்களைப் பார்த்துவிட்டால், தலையை ஆட்டும், குனிவது போலக் குனிந்து சட்டென்று நிமிரும், இரண்டு நிமிடம் முறைக்கும், அதன் பிறகு மேயப் போய்விடவும் கூடும். சுள்ளி முறியும் சத்தம் கேட்டால் காதைத் திருப்பிக் காத்திருக்கும், வேறு சத்தம் வராவிட்டால் மறந்துவிடும். மனித வாடை மூக்கில் ஏறிவிட்டால் மட்டும் அதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் திரும்பிவிடும்.

நான் முதன்முதலாக இதைக் கிட்டத்தில் பார்த்தது ஓர் அக்டோபர் சாயங்காலம். வளர்ந்த பெண்மான் ஒன்று, பின்னால் அந்த வருடக் குட்டி ஒன்று, என் பரணிலிருந்து இருபத்தைந்து மீட்டர் இருக்கும். தாய் தலையைத் தாழ்த்தி ஏதோ உதிர்ந்த கொட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. என் கன்னத்தில் அதுவரை பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. அப்புறம் பிடரியில் சில்லென்று பட்டது. நான் அதை உணர்ந்து முடிப்பதற்குள் தாய்மானின் தலை மேலே வந்துவிட்டது. நாக்கை நீட்டி மூக்கின் இரண்டு பக்கமும் நக்கியது, மூக்குத்துவாரம் விரிந்து சுருங்குவது தெளிவாகத் தெரிந்தது. முன்னங்காலைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் வைத்திருந்து, தரையில் ஓங்கி மிதித்தது. இரண்டாவது மிதியோடு பிஸ்ஸென்று மூச்சை வெளியே ஊதியது, அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டிருக்கும். வெள்ளைவால் மேலே எழும்பியது, அவ்வளவுதான், இரண்டும் போய்விட்டன. என்னை ஒருமுறைகூட அது ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அது மூக்கை நக்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஈரமான மூக்கில்தான் காற்றில் மிதந்து வரும் வாடைத் துகள்கள் நன்றாக ஒட்டும். காலால் மிதித்ததற்கும் காரணம் இருக்கிறது, குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி உண்டு, மிதிக்கும்போது அதன் மணம் தரையில் பதியும், பின்னால் வரும் மான்களுக்கு அது எச்சரிக்கை. ஆக, ஒரு மான் உங்களை மோப்பம் பிடித்துவிட்டால் அந்த ஒரு மானோடு விஷயம் முடிவதில்லை. அந்த இடத்தை இரண்டு மூன்று நாளாவது சும்மா விட்டுவிடுங்கள் என்பது என் அனுபவம்.

காற்றுக்குப் பெயர் வைப்பதில் வரும் குழப்பம்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் புதியவர்கள் பாதிப் பேர் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வானிலைச் செயலியில் வடக்குக் காற்று என்று போட்டிருந்தால், காற்று வடக்கிலிருந்து வருகிறது என்று பொருள், வடக்கே போகிறது என்றல்ல. நமக்கு இது எளிதாக நினைவில் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழில் காற்றுக்கு வைத்த பெயர்களும் அப்படித்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வாடைக்காற்று அடிக்கும் நாளில் உங்கள் வாடை தெற்கே போகும், மான் தெற்கிலிருந்து வரும் இடத்தில் நீங்கள் இருக்கக் கூடாது. செயலியில் வரும் அம்புக்குறி சிலவற்றில் காற்று வரும் திசையையும் சிலவற்றில் போகும் திசையையும் காட்டும், எனவே அம்பை நம்பாமல் எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

செயலி சொல்லும் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வானிலை நிலையங்களில் காற்றைப் பொதுவாகத் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். நீங்கள் இருப்பதோ மரங்களுக்கு நடுவே, அதைவிடத் தாழ்வாக. மணிக்கு 15 கிலோமீட்டர் என்று செயலி சொல்லும் நேரத்தில் அடர்ந்த காட்டுக்குள் ஓர் இலைகூட அசையாமல் இருக்கலாம். செயலி நாளைத் தேர்ந்தெடுக்க உதவும், எந்தப் பரண் என்று முடிவெடுக்க உதவும். எந்த மரத்தடி என்பதற்கு உதவாது.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்க்கும் வழி

விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பது, ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவிப் பார்ப்பது எல்லாம் ஒரு கை தூரத்துக்குத்தான் சரி. அடுத்ததாக எல்லோரும் வாங்குவது சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வரும் வாசனையில்லாத மாவு, அமுக்கினால் புகை மாதிரி வரும். அதுவும் நல்லதுதான், நடந்துபோகும்போது அதைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். குறை என்னவென்றால் இரண்டு மூன்று மீட்டர் போனதும் கரைந்து காணாமல் போய்விடும். உங்களுக்குத் தெரிய வேண்டியது நாற்பது மீட்டருக்கு அப்பால், மான் வரப்போகிற இடத்தில் காற்று என்ன செய்கிறது என்பது.

அதற்குப் பஞ்சு போல வேறொன்றும் இல்லை. மில்க்வீட் என்று ஒரு செடி, நம் எருக்குக்கு உறவு, அதே குடும்பம். காய் வெடித்தால் எருக்கங்காய் போலவே உள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விதை. இலையுதிர் காலத்தில் காய் காயும்போது நாலைந்து பறித்து, விதையைக் கிள்ளிவிட்டு, பஞ்சை ஒரு சின்ன டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்ளுங்கள். பரணில் உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்றை எடுத்து விடுங்கள். பாருங்கள்.

முதல் முறை இதைச் செய்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பஞ்சு நேராக என் முன்னால் பத்து மீட்டர் போனது, சரி, நான் நினைத்த திசைதான். அப்புறம் மெதுவாகத் தாழ்ந்தது. ஓடைக்கு மேலே வந்ததும் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இடப்பக்கம் திரும்பியது, ஓடையோடு சேர்ந்து நடந்தது, வளைவில் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் இரண்டு சுற்றுச் சுற்றியது, பிறகு மான் தடத்தின் மேலேயே போய்ப் படிந்தது. கன்னத்தில் பட்ட காற்றை வைத்து நான் போட்ட கணக்கு முதல் பத்து மீட்டருக்கு மட்டும்தான் சரியாக இருந்தது. அரை மணிக்கு ஒன்று என்று விடுங்கள், வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைவிட அடிக்கடி.

காற்றைத் தண்ணீராக நினையுங்கள்

மரம், பாறை, மேடு இவற்றின் மேல் காற்று போவது ஆற்றுத் தண்ணீர் பாறைகளின் மேல் போவது போலத்தான். பாறைக்கு முன்னால் சீராக வரும் தண்ணீர், பாறைக்குப் பின்னால் சுழிக்கும், கொஞ்சம் பின்னோக்கியும் வரும். திறந்த வயலிலிருந்து காட்டோரத்தில் மோதும் காற்றும், காட்டைத் தாண்டி வயலில் இறங்கும் காற்றும் இப்படிச் சுழிக்கும். மூன்று பக்கம் மேடு சூழ்ந்த பள்ளத்தில் காற்றுக்கு நிலையான திசையே கிடையாது. அங்கே மான் நிறைய இருக்கும், ஏன் இருக்கிறது என்றால் எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வந்தாலும் அதற்கு வாடை தெரியும் என்பதால்தான். புதியவர்கள் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரத் துடிப்பார்கள். வேண்டாம், அங்கேயிருந்து மான் வெளியே வரும் வழியில் உட்காருங்கள்.

உங்கள் உடம்பிலிருந்து போகும் வாடை ஒரு கோடு போலப் போவதில்லை, விசிறி போல விரிந்துகொண்டே போகும். உங்களிடமிருந்து பத்து மீட்டரில் ஒடுக்கமாக இருப்பது நூறு மீட்டரில் அகன்றிருக்கும், அதே நேரம் நீர்த்தும் போயிருக்கும். வேகத்தையும் யோசித்துப் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு உங்கள் வாடை போய்ச் சேர 36 நொடி போதும். நீங்கள் பரணில் ஏறி, பையை மாட்டி, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் காற்றுவாக்கில், அதாவது உங்களிடமிருந்து காற்று போகும் பக்கத்தில், இருக்கும் எல்லா மானுக்கும் சேதி போயாகிவிட்டது.

மலைச்சரிவில் காலையும் மாலையும்

சமவெளியில் வேட்டையாடுபவர்கள் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும். சரிவு, பள்ளத்தாக்கு, ஓடை உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள், எனக்குத் தெரிந்து வேட்டை கெடுவதில் பெரும்பகுதி இங்கேதான்.

வெயில் பட்டால் தரை சூடாகும், தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே ஏறும். வெயில் போனால் தரை குளிரும், காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். இறங்கும் காற்று தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓடும், சரிவில் வழிந்து, வாய்க்கால் போன்ற மடிப்புகளில் சேர்ந்து, கடைசியில் பள்ளத்தாக்கில் தேங்கும். எனவே பொதுவான கணக்கு, விடியும்போது காற்று இன்னும் கீழே வழிந்துகொண்டிருக்கும், வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே திரும்பும், சாயங்காலம் நிழல் விழுந்ததும் மறுபடி கீழே.

இதில் கவனிக்க வேண்டியது அந்தத் திரும்பும் நேரம். அரை மணி போலக் காற்று எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறும், நாலு பக்கமும் போகும். மாலையில் சூரியன் மறைந்த பிறகுதான் திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தச் சரிவில் நிழல் விழுந்ததுமே திரும்ப ஆரம்பித்துவிடும். கிழக்கு பார்த்த சரிவில் காலை வெயில் முதலில் படுவதால் காற்றும் முதலில் ஏறும், ஆனால் பிற்பகலிலேயே நிழலாகிவிடுவதால் சீக்கிரம் இறங்கவும் தொடங்கும். மேற்கு பார்த்த சரிவில் இதற்கு நேர்மாறு. ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் ஒரே நேரத்தில் காற்று இரண்டு மாதிரி போகும், இதை நம்பாதவர்கள் ஒரு நாள் துப்பாக்கியில்லாமல் பஞ்சு டப்பாவோடு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேகமூட்டமான நாளில் இந்த ஏற்ற இறக்கம் பலவீனமாக இருக்கும். நல்ல காற்றடிக்கும் நாளில், தோராயமாக மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போனால், பெரிய காற்று இதை அமுக்கிவிடும். காற்றே இல்லை என்று செயலி சொல்லும் தெளிவான நாளில்தான் இது முழு ஆட்டமும் ஆடும். "இன்றைக்குக் காற்றே இல்லை, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வேட்டைக்கு அதைவிடக் கஷ்டமான நாள் இல்லை.

சரி, இதை வைத்து என்ன செய்வது? காலையில் வெயில் ஏறிய பிறகு மான் நடமாட்டத்துக்கு மேலே இருங்கள், உங்கள் வாடை இன்னும் மேலே போய்விடும். மாலையில் கீழே இருங்கள், வாடை உங்களுக்கும் கீழே வழிந்துவிடும். விடியற்காலையில் போய்ச் சேரும்போது காற்று இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், மேலே உட்கார்ந்திருப்பவரின் வாடை அந்த முதல் ஒரு மணி நேரம் கீழே மான்களின் மேல் வழியும். அதனால் காலையில் சரிவுக்கு நேர் மேலே உட்காராமல் பக்கவாட்டில் ஒதுங்கி, வாடை வேறொரு மடிப்பில் இறங்குமாறு உட்காருவது உத்தமம்.

வயதான ஆண்மான்கள் படுக்கும் இடத்தையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். மலைமுகட்டின் காற்றுப்படாத பக்கத்தில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் அது படுத்திருக்கும். முதுகுப் பக்கம் முகட்டைத் தாண்டி வரும் காற்று, பின்னால் யார் வந்தாலும் மூக்குச் சொல்லிவிடும். கீழேயிருந்து பகல் வெயிலில் ஏறி வரும் காற்று, அடிவாரத்தில் யார் இருந்தாலும் அதுவும் மூக்குக்கு வரும். கண்ணுக்கோ கீழே முழுச் சரிவும் தெரிகிறது. நான் இதைப் புரிந்துகொண்ட நாளில் அந்த விலங்கின் மேல் எனக்கு மரியாதை பலமடங்கு கூடியது. அந்தப் படுக்கைக்கே போய் அதைப் பிடிக்க நினைக்காதீர்கள். அது எழுந்து மேயப் போகும் பாதையில், குறுக்குக் காற்றில் காத்திருங்கள்.

உட்காரும் இடத்தை எப்படி முடிவு செய்வது

புத்தகக் கணக்குப்படி, காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். ஆனால் மானும் சும்மா வராது, தனக்குச் சாதகமான காற்று இருக்கும்போதுதான் திறந்த இடத்துக்கு வரும், அதிலும் வயதானது கட்டாயம் அப்படித்தான். உங்களுக்கு முழுக்க முழுக்கச் சாதகமான காற்றில் நல்ல ஆண்மான் அந்தப் பக்கமே வராமல் போகலாம். அதனால் அனுபவசாலிகள் தேடுவது மானுக்குக் காற்று கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், ஆனால் கொஞ்சம் மட்டும் தப்பும் இடத்தை. அதாவது மான் காற்றைச் சாய்வாக முகத்தில் வாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு வரும், உங்கள் வாடை அது வரும் தடத்தைத் தொடாமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் போகும்.

முதல் வருடத்தில் இதை முயற்சி செய்ய வேண்டாம் என்பேன். முதல் வருடத்தில் நேர் குறுக்குக் காற்று போதும். மான் இடமிருந்து வலமாக வரும் என்று எதிர்பார்த்தால், காற்று தடத்தின் பக்கமிருந்து உங்கள் முகத்தில் பட்டு முதுகுப் பக்கம் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் மான் வராத ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது, ஒரு குளம், செங்குத்தான பாறை, ஆள் நடமாடும் சாலை.

ஒவ்வொரு பரணுக்கும் எந்தக் காற்றில் அங்கே உட்காரலாம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்று தப்பாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பரணுக்குப் போகாதீர்கள். விடுமுறை ஒரே நாள்தான் கிடைத்தது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று மனது சொல்லும், தெரியும். இருந்தாலும் போகாதீர்கள். வேறு காற்றுக்கு வேறொரு பரண், குறைந்தது இரண்டு இடம் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

உயரமாகப் பரண் போட்டால் வாடை மானின் தலைக்கு மேலே போய்விடுமே என்று கேட்பார்கள். சமவெளியில், நல்ல காற்றில், பக்கத்தில் இருக்கும் மானுக்கு ஓரளவு உண்மை. மாலையில் காற்று இறங்கும்போது உயரம் உதவாது, மரத்தோடு வழிந்து கீழே வந்துவிடும். சரிவில் ஆறு மீட்டர் ஏறினால், மேலேயிருந்து வரும் மானின் மூக்குக்கு நேராக நீங்கள் இருப்பீர்கள். எவ்வளவு உயரமானாலும், ஏறும் முன்பே உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொள்ளுங்கள், தரையில் கால் வைக்கும்வரை அவிழ்க்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

போகும் வழியும் வரும் வழியும்

பரணில் காற்று சரியாக இருந்து, அங்கே போகும் பாதையில் தப்பாக இருந்தால் வேட்டை நடந்து போகும்போதே முடிந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. வரைபடத்தில் மூன்று இடத்தைக் குறியுங்கள், மான் படுக்கும் இடம், மேயும் இடம், நடுவே நடக்கும் தடம். உங்கள் நடைபாதை இந்த மூன்றையும் வெட்டக் கூடாது, பாதையிலிருந்து வாடை இந்த மூன்றின் மேலும் போகக் கூடாது. காலையில் மான்கள் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும், வயலுக்குக் குறுக்கே நடக்காதீர்கள், சுற்றிப் போக ஒரு மணி நேரம் கூடுதலானாலும் சுற்றித்தான் போக வேண்டும். ஓடையில் தண்ணீரோடு நடப்பது அருமையான வழி, தரையில் வாடை தங்காது.

தரை வாடை என்று தனியாக ஒன்று இருக்கிறது. நீங்கள் நடந்த இடத்தில் கால் பட்டதும் கை பட்டதும் சில மணி நேரம் கழித்தும் மானுக்குத் தெரியும். ரப்பர் காலணி தோல் காலணியைவிட நல்லது. வழியில் கிளைகளை வெறுங்கையால் ஒதுக்காதீர்கள். மான் தடத்தைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் தாண்டுங்கள், அதிலேயே நடந்து போகாதீர்கள்.

உடம்பு வாடையைக் குறைப்பது எவ்வளவு உதவும்?

கொஞ்சம் உதவும். இதை விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு உதவாது. உங்கள் மூச்சிலிருந்து, தோலிலிருந்து உதிரும் செதில்களிலிருந்து, வேர்வையைப் பாக்டீரியா சிதைப்பதிலிருந்து வாடை வந்துகொண்டே இருக்கும், மூச்சை எந்தத் தெளிப்பானும் நிறுத்தாது. ஆனால் வாடை குறைவாக இருந்தால் மான் கண்டுபிடிக்கும் தூரம் குறையலாம், அல்லது உங்களை நேற்று நடந்துபோன ஆள் என்று நினைத்துக்கொள்ளலாம். அதனால் செலவில்லாததை எல்லாம் செய்யுங்கள். வாசனையில்லாத சோப்பில் குளியுங்கள். வேட்டை உடையை வாசனையில்லாத சோப்பில் துவைத்து வெளியே காற்றில் உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மாட்டுங்கள். வெளுப்பாக மின்ன வைக்கும் சலவைத்தூள் கூடாது, மானின் கண் நீலப் பக்கத்து ஒளியை நன்றாகப் பார்க்கும், அந்தத் தூள் அதைத்தான் துணியில் கூட்டுகிறது. சட்டம் போடச் சொல்லும் ஆரஞ்சுச் சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், மானுக்கு அந்த நிறம் பிரித்துத் தெரியாது. வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது மாட்டியிருந்த காலணியோடு, புகை பிடித்த கையோடு போகாதீர்கள்.

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது குளியலைவிட வேர்க்காமல் நடப்பது. கனத்த மேலாடையைப் பையில் கட்டிக்கொண்டு, மெல்லிய உடையில் மெதுவாக நடங்கள், பரணுக்குப் பக்கத்தில் போய் உடம்பு ஆறியதும் மாட்டுங்கள். நேரமாகிவிட்டதென்று ஓடிப் போய் நனைந்த பனியனோடு உட்கார்ந்தால் வீட்டில் எத்தனை சோப்புப் போட்டிருந்தாலும் பயனில்லை. வாடையை உறிஞ்சுவதற்காகக் கரி பூசிய விலை உயர்ந்த உடைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் பஞ்சும் மாவுக்குப்பியும் வாங்குங்கள், மூன்று பருவம் கழித்து யோசிக்கலாம்.

மானின் சிறுநீரை வாசனைப் பொறியாக விற்பதும் உண்டு. வட அமெரிக்காவில் மான்களைத் தாக்கும் ஒரு மூளைச் சிதைவு நோய் பரவிக்கொண்டிருக்கிறது, நோயுள்ள மானின் சிறுநீரிலும் எச்சிலிலும் அதன் கிருமிப் புரதம் வெளிவரும் என்பதால் பல மாநிலங்களும் மாகாணங்களும் இயற்கைச் சிறுநீரைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் பகுதி விதியைப் படியுங்கள். தடையில்லாத இடத்திலும் நான் பயன்படுத்துவதில்லை.

இணைசேரும் பருவத்தில்

அப்போது ஆண்மானின் நடையே மாறிவிடும். பெண்மான்கள் படுத்திருக்கும் புதருக்குள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்காது, காற்றுவாக்கில் அந்தப் புதரைச் சுற்றி ஒரு நடை நடந்தால் உள்ளே எது இணைக்குத் தயார் என்று மூக்கிலேயே தெரிந்துவிடும். அதனால் பெண்மான்களின் படுக்கைக்குக் காற்றுவாக்கில், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி உட்காருங்கள், உங்கள் வாடை இன்னும் அப்பால் போய்விடும். நீங்கள் மானைப் போலக் குரல் கொடுத்தோ கொம்போடு கொம்பை உரசியோ அழைத்தாலும் இதேதான், வருகிற ஆண்மான் நேராக வராது, வளைந்து உங்களுக்குக் காற்றுவாக்கில் போய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும். அது வளைவதற்கு முன்பே குறி வைக்க வேண்டும், அல்லது அது வளைய முடியாதபடி பின்னால் தண்ணீரோ வெட்டவெளியோ இருக்க வேண்டும்.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாக

சீராக மணிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர்வரை அடிக்கும் காற்று புதியவர்களுக்கு நல்ல நாள். அதற்கு மேல் போனால் மான் பதற்றமாக இருக்கும், எல்லாம் அசைவதாலும் இரைவதாலும் அது தன் காதை நம்ப முடியாது, காற்று மறைவில் ஒதுங்கிக்கொள்ளும், ஆனால் நடந்து தேடி வேட்டையாடுபவருக்கு அந்த இரைச்சல் உதவி. ஈரப்பதமான நாளில் வாடை தெளிவாகப் பிடிபடும், மிக வறண்ட நாளில் மூக்கு கொஞ்சம் சிரமப்படும். கனமழை வாடையைத் தரையில் அடித்துப்போடும், மழை விட்டதும் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். உறைபனி விழுந்த அமைதியான காலையில் குளிர்காற்று பள்ளத்தில் குளம்போலத் தேங்கி நிற்கும், தூரத்து வீட்டுப் புகை மேலே போகாமல் படுக்கைவசமாகப் பரவுவதைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், அன்றைக்கு உங்கள் வாடையும் அப்படித்தான் தேங்கும்.

இருட்டிய பிறகு

சாயங்கால வேட்டையில் புதியவர்கள் கெடுத்துக்கொள்வது கடைசிப் பதினைந்து நிமிடத்தை. சுடும் நேரம் முடிந்தது, மான்கள் வயலில் மேய்கின்றன, நீங்கள் விளக்கைப் போட்டு இறங்கினால் அத்தனையும் உங்களைப் பார்த்து, உங்கள் வாடையையும் பிடித்துவிடும், நாளையிலிருந்து அந்தப் பரண் அவற்றுக்குத் தெரிந்த பரண். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அசையாமல் இருங்கள். மான்கள் தாமாக நகரும்வரை காத்திருங்கள், ஒரு மணி நேரமானாலும் சரி. நகராவிட்டால், வண்டியோடு வந்து உங்களை ஏற்றிக்கொள்ள நண்பர் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். வண்டியைப் பார்த்து மான் ஒதுங்கும், ஆனால் அதைப் பரணோடு முடிச்சுப் போடாது. இறங்கும் முன் கடைசியாக ஒரு பஞ்சை விட்டு, விளக்கின் மங்கிய சிவப்பு ஒளியில் அது போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் வாடை மான்களின் பக்கம் போகாத வழியாக நடந்து வெளியேறுங்கள். வீட்டுக்குப் போனதும் தேதி, செயலி சொன்ன காற்று, பஞ்சு உண்மையில் போன திசை, காற்று திரும்பிய நேரம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே வாரத்தில் அதே பரணுக்குப் போகும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தை.